கௌரவம் பெயரில் மட்டுமா?

புதுக்கோட்டை மன்னர் கல்லூரி 1880-இல் ஸ்தாபிதமாயிற்று. தீரர் சத்தியமூர்த்தி பயின்ற கலாசாலை அது. இத்தகைய சர்க்கார் கல்லூரிகளில் இன்று போதனையின் பெரும் பாரத்தைச் சுமப்போர் ‘கௌரவ விரிவுரையாளர்கள்’. இவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் விதித்தது. தமிழ்நாட்டில் 2024-இல் கிடைத்ததோ 25,000 ரூபாய். அதுவும் வருஷத்தில் 11 மாதங்களுக்கே. 50,000 ரூபாய் தரவேண்டுமெனச் சென்னை ஹைக்கோர்ட் அவ்வருஷமே உத்தரவிட்டது.

சிக்கனம் நன்றே. ஆயினும், மலிவாகக் கிடைப்போரை வருஷந்தோறும் அமர்த்திக்கொள்வது சந்தை நியாயம், கல்வி நியாயமாகாது. அடுத்த வருஷம் தாம் இருப்போமா என்றறியாத ஆசிரியர், மாணவனின் மூன்றாண்டுப் படிப்புக்கு எங்ஙனம் பொறுப்பேற்பார்? காலி ஸ்தானங்களை நிரந்தரமாக நிரப்புவதே சர்க்காரின் கடமை. அதுவரை, ‘கௌரவம்’ என்ற சொல் பரிகாசமேயாம்.