நிழலுரு கண்டு விமானம் அறிதல்

மாலையில் மேய்ச்சல் நிலத்திலிருந்து திரும்பும் மந்தையில் தன் மாடு எது என்பதை உழவன் நெடுந்தொலைவிலேயே கண்டுகொள்கிறான். அவ்வளவு தொலைவில் நிறம் தெரிவதில்லை. நெற்றிச் சுட்டியும் தெரிவதில்லை. கொம்பின் வளைவும், முதுகின் தாழ்வும், நடையின் சாயலுமே அவனுக்குப் போதும். வானில் வட்டமிடும் பருந்துகளையும் இவ்வாறே இனம் பிரிக்கலாம். வால் நுனி பிளவுபட்டிருந்தால் அது கரும்பருந்து. வட்டமாக இருந்தால் செம்பருந்து.

புறவடிவத்தைக் கொண்டே ஒன்றை இன்னதென அறியும் இவ்வாற்றலை ஆகாய விமானங்களிடத்துச் செலுத்துவது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. இன்று அரிதாகிவிட்ட பழைய விமானங்களின் கரிய நிழலுருவப் படத்தை நோக்கி, அதன் பெயரைச் சொல்ல முயல்வோர் பல நாடுகளில் உளர். பார்ப்பதற்கு இது சிறுவர் விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும், மனித உயிர்கள் இவ்வறிவை நம்பியிருந்த காலமும் ஒன்று உண்டு.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் செருமனியின்மீது போர் அறிவித்தது. மூன்று நாட்கள் சென்றபின், செப்டம்பர் 6-ஆம் நாள் காலையில், பகை விமானங்கள் வருகின்றன என்ற தவறான செய்தி பரவியது. அதனைக் கேட்டு ஸ்பிட்பயர் விமானங்கள் சில விரைந்து எழுந்தன. எதிரே தோன்றியவற்றைச் செருமானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்கள் எனக் கருதிச் சுட்டன. இரண்டு விமானங்கள் வீழ்ந்தன. விமானி ஒருவர் மாண்டார். அந்தோ! வீழ்ந்தவை பிரிட்டனுக்கே உரிய ஹரிக்கேன் விமானங்கள். அப்போரில் உயிரிழந்த முதல் பிரிட்டானியப் போர் விமானி, தம் நாட்டாரின் குண்டுக்கே இரையானார். ‘பார்க்கிங் ஓடைப் போர்’ என்று இத்துயர நிகழ்ச்சியை வரலாறு குறிக்கின்றது.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? மூன்று வகை விமானங்களும் ஒற்றைப் பொறி உடையவை. உடலின் கீழ்ப்பகுதியில் பொருத்திய ஒற்றை அடுக்கு இறக்கை உடையவை. உயரத்தில் பறக்கும்போது வண்ணமும் சின்னமும் மறைந்து, வானொளியின் முன் கரிய வடிவம் ஒன்றே எஞ்சும். பழகாத கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. பழகிய கண்ணுக்கோ வேறுபாடுகள் விளங்கும். கீழிருந்து நோக்கினால் ஸ்பிட்பயரின் இறக்கை நீள்வட்டமாக, நுனி நோக்கிக் குறுகிச் செல்லும். ஹரிக்கேனின் இறக்கை தடித்தது. அதன் முதுகு சற்றே கூனியிருக்கும். பொறியைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் வயிற்றின் நடுவே தொங்கும். போரின் தொடக்க காலத்து மெஸ்ஸர்ஷ்மிட்டின் இறக்கை நுனிகளோ கத்தியால் வெட்டியவைபோல் சதுரமாக இருந்தன. அதன் வாலைக் கீழிருந்து இரு சிறு கம்பிகள் தாங்கின.

இவ்வேறுபாடுகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. விமானத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் உண்டு. இறக்கை மெல்லியதாக இருந்தால் காற்றின் தடை குறையும். ஆனால், துப்பாக்கிகளையும் மடக்கிய சக்கரங்களையும் வைக்க அதனுள் இடமும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெறவே ஸ்பிட்பயருக்கு நீள்வட்ட இறக்கை அமைந்தது. லைசாண்டர் என்னும் விமானம் தரைப்படைக்கு உளவு பார்க்கப் பிறந்தது. விமானி கீழே உள்ள நிலத்தைத் தடையின்றிக் காணவேண்டி, இறக்கையை அவர் தலைக்குமேல் உயர்த்தி வைத்தனர். கட்டலினா என்னும் கடல் விமானம் நீரில் இறங்கும். அலைத் திவலை பொறிகளைத் தாக்காதிருக்க, அதன் இறக்கை உடலுக்கு மேலே ஒரு தூணின்மீது நிற்கின்றது. ஆகவே, வடிவத்தை அறிபவன் பெயரை மட்டும் அறிவதில்லை; அவ்விமானம் எத்தொழிலுக்காகப் படைக்கப்பட்டது என்பதையும் அறிகின்றான்.

நிழலுருவை ஆராய்வோர் நான்கு உறுப்புகளை முறையாக நோக்குவர்: இறக்கை, பொறி, உடல், வால். இறக்கை மேலே உள்ளதா, நடுவிலா, கீழேயா? பொறிகள் எத்தனை? உடல் பருத்ததா, மெலிந்ததா? வாலில் நிமிர்ந்து நிற்கும் தகடு ஒன்றா, இரண்டா? முன்புறம், பக்கம், கீழ்ப்புறம் என மூன்று தோற்றங்களிலும் இவற்றைக் காணவேண்டும். ஒரே அடையாளத்தை நம்புவோர் ஏமாறுவர். போரின் பிற்பகுதியில், தாழப் பறக்கையில் விரைந்து உருளும்பொருட்டு, சில ஸ்பிட்பயர்களின் இறக்கை நுனிகளைக் குறைத்துச் சதுரமாக்கினர். நுனியை மட்டும் நோக்கியவன் அதனைப் பகை விமானம் என்றே எண்ணுவான்.

அமெரிக்காவில் உளநூல் அறிஞராகிய சாமுவேல் ரென்ஷா என்பவர் வேறொரு முறையைக் கையாண்டார். ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியே படத்தைத் திரையில் காட்டி, உடனே மறைத்துவிடுவார். உறுப்புகளை எண்ணிப் பார்க்க நேரம் இராது. முழு வடிவமும் ஒருசேர மனத்தில் பதியவேண்டும். நண்பனின் முகத்தைக் கண்டவுடன் அறிகிறோம் அன்றோ? அவன் மூக்கையும் கண்ணையும் தனித்தனியே அளந்து பார்ப்பதில்லை. அதுபோன்றதே இப்பயிற்சி.

பிரிட்டனில் 1925-ஆம் ஆண்டிலேயே வான் நோக்கர் படை ஒன்று அமைந்திருந்தது. 1940-இல் ரேடார் கருவிகள் கடல் நோக்கியே நின்றன. பகை விமானம் கரையைக் கடந்து உள்நாட்டில் புகுந்தபின், அதனைக் கண்ணாலும் செவியாலும் தொடர்ந்தவர்கள் இந்நோக்கர்களே. அவர்களுட் பெரும்பாலோர் வேறு தொழில் செய்து பிழைத்த தொண்டர்கள். அவர்தம் பணியைப் போற்றி, 1941-ஆம் ஆண்டில் அரசர் ஆறாம் ஜார்ஜ் ‘அரச’ என்னும் அடைமொழியை அப்படைக்கு வழங்கினார். நிழலுருவங்களைக் கற்பிப்பதற்கென்றே ‘ஏரோப்ளேன் ஸ்பாட்டர்’ என்னும் இதழ் 1941 முதல் 1948 வரை வெளிவந்தது. பள்ளிச் சிறுவர்களும் கழகங்கள் அமைத்துப் போட்டியிட்டுக் கற்றனர். 1944 ஜூன் 6-ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது, நோக்கர் படையினர் பலர் கப்பல்களில் உடன்சென்றனர். கப்பற் பீரங்கிகள் நட்பு விமானங்களைச் சுட்டுவிடாமல் காப்பதே அவர்கள் கடமை. மேலும், நேச நாட்டு விமானங்களின்மீது கறுப்பும் வெள்ளையுமாக ஐந்து பட்டைகள் தீட்டப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்குமுன் நேர்ந்த பிழையின் விலையை எவரும் மறக்கவில்லை.

போர் முடிந்தபின் அவ்விமானங்கள் ஆயிரக்கணக்கில் உடைக்கப்பட்டன. லாங்காஸ்டர் என்னும் குண்டுவீச்சு விமானங்கள் 7,377 கட்டப்பட்டன. அவற்றுள் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை பிரிட்டனில் ஒன்றும் கனடாவில் ஒன்றுமே. அதனோடு எளிதில் மயங்கத்தக்கது லிபரேட்டர். இரண்டுக்கும் நான்கு பொறிகள். வாலில் இரண்டு தகடுகள். எனினும், லாங்காஸ்டரின் இறக்கை உடலின் நடுவே அமைந்தது. லிபரேட்டரின் இறக்கை நீண்டு குறுகி, உடலின் உச்சியை ஒட்டி அமைந்தது. இந்த லிபரேட்டரோடு நம் நாட்டிற்கும் தொடர்பு உண்டு. போருக்குப்பின் கான்பூரில் பழுதாக்கி விடப்பட்டவற்றை நம் தொழிலாளர் செப்பனிட, இந்திய விமானப்படை 1968 வரை அவற்றைப் பயன்படுத்தியது. அதனால் தப்பியவற்றுள் சில, இன்று அயல்நாட்டு அருங்காட்சியகங்களை அணிசெய்கின்றன.

மாணவர்களே, இப்பொழுதுபோக்கிற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. விமானப் படங்களின் வெளிக்கோட்டைத் தாளில் வரைந்து, உள்ளே கரிய மை பூசுங்கள். பின்புறம் பெயரை எழுதி, நண்பர்களுடன் கூடிப் பெயரைக் கண்டுபிடித்து விளையாடுங்கள். ‘இது எது?’ என்ற வினாவோடு நில்லாது, ‘வேறு எதுவாக இருத்தல் கூடும்?’ என்றும் ‘அது அன்று என்பதற்குச் சான்று யாது?’ என்றும் வினவுங்கள். அவசரப்பட்டுப் பெயரிடாமல் ஐயம் அறுத்துத் துணியும் இப்பழக்கம் விமானத்திற்கு மட்டும் உரியதன்று. மருந்தைத் தேர்ந்தெடுப்பவருக்கும், மனிதரைப்பற்றித் தீர்ப்புக் கூறுபவருக்கும் அது இன்றியமையாதது. பார்ப்பது எல்லார்க்கும் இயல்பு. வேறுபாடு காணும்படி பார்ப்பது பயிற்சியால் வருவது.