அறுபது பந்துகள்

கிழக்கு வெளுக்குமுன் வீட்டினின்று புறப்பட்டு, இரயிலேறி, அறுபது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கொல்கத்தா நகரை அடைந்து, விவேகானந்தர் பூங்காவில் பந்து வீசிப் பழகிவிட்டு ஊர் திரும்புவாள் ஒரு சிறுமி. வண்டி தவறினால் அன்றைய பயிற்சியும் தவறும். மேற்கு வங்காளத்துச் சக்தாகா என்னும் சிறு நகரில் 1982ஆம் ஆண்டு பிறந்த ஜூலன் கோஸ்வாமியே அச்சிறுமி. 1997ஆம் ஆண்டு, மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம் கொல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் நிகழ்ந்தபோது, எல்லைக்கு வரும் பந்துகளை எடுத்துக் கொடுக்கும் பணியில் அவள் இருந்தாள். தானும் அக்களத்தில் ஆட வேண்டும் என்னும் வேட்கை அன்று அவள் நெஞ்சில் வேரூன்றியது.

ஒருநாள் கிரிக்கெட்டு ஆட்டத்தில் ஓரணிக்கு ஐம்பது ஓவர்களே உண்டு. ஆறு பந்துகள் கொண்டது ஓர் ஓவர். (இதற்குத் தமிழ்ப்பெயர் சூட்ட முயல்வாரும் உளர்; மக்கள் நாவில் ஊன்றிய சொல்லை நாம் ஏன் பெயர்க்க வேண்டும்?) ஒருவர் பத்து ஓவர்களுக்குமேல் வீசலாகாது. ஆகவே அவர் கையில் இருப்பன அறுபது பந்துகளே. நெறி பிறழ்ந்து வீசினால், எதிரணிக்கு ஓர் ஓட்டம் சேர்வதோடு அப்பந்தை மீண்டும் வீசவும் வேண்டும். விரைவு மட்டும் இங்கே போதாது. முன்சென்று அடிப்பதா, பின்வாங்கி ஆடுவதா என்று மட்டையாளர் ஐயுறும் இடத்திலே பந்தைத் தரையில் படச் செய்தல் வேண்டும். அவ்விடத்தில் பட்டு உள்நோக்கித் திரும்பும் பந்தே கோஸ்வாமியின் படைக்கலம்.

விரைந்து ஓடிவந்து வீசுங்கால், உடலின் எடையினும் பன்மடங்கு சுமை முன்காலில் விழுகின்றது. அதனால் முதுகும் முழங்காலும் கணுக்காலும் நலிவுறும்; விரைவுப் பந்து வீச்சாளர் பலர் பத்தாண்டுக்குள் ஓய்ந்துவிடுவர். கோஸ்வாமியோ 2002ஆம் ஆண்டு சனவரியில் சென்னையிலே தம் முதல் ஒருநாள் ஆட்டத்தை ஆடி, இருபது ஆண்டுகள் நிலைத்தார். 204 ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 255. அவர் விலகியபோது, மகளிருள் வேறெவரும் அத்தொகையை எட்டியிருக்கவில்லை.

எனினும் உலகக் கோப்பை அவர் கைக்கு எட்டவில்லை. 2005இல் இறுதியாட்டத்தில் இந்தியா தோற்றது. 2017இல் இலண்டனின் லார்ட்சு களத்தில் இங்கிலாந்தை எதிர்த்து வீசிய பத்து ஓவர்களில், 23 ஓட்டங்களே கொடுத்து மூவரை வெளியேற்றினார். அவருள் இருவர் அடுத்தடுத்த பந்துகளில் வீழ்ந்தனர். விக்கெட்டுகள் மூன்றினும், அந்த 23 என்னும் சிறு தொகையையே யான் பெரிதாக மதிப்பேன். ஆயினும் ஒன்பது ஓட்டங்களில் வெற்றி நழுவியது. அதே களத்தில் 2022 செப்டம்பரில் தம் இறுதியாட்டத்தை ஆடி விடைபெற்றார்.

2025 நவம்பர் 2ஆம் நாள், நவி மும்பையில் இந்திய மகளிர் தென்னாப்பிரிக்காவை வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைப் பெற்றனர். ஆடிய மகளிர் அக்கோப்பையை, களத்திற்கு வந்திருந்த கோஸ்வாமியின் கைகளில் கொடுத்தனர். அதனை ஏந்தியவாறே அவர் கண்ணீர் விட்டார்.