கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்களுக்கு

திருக்கோஷ்டியூர், திருப்பத்தூர் பக்கம் பூட்டிய வீட்டில் திருட்டு என்று ஒரு செய்தி வந்துவிட்டால், அடுத்த சில நாளைக்குக் கல்யாணப் பந்தியில்கூட அதே பேச்சுதான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இரண்டு கட்டு வீட்டில் வயதானவர்கள் இருவர் மட்டும் இருக்கும் ஊர்கள் இவை. பேச்சு சுற்றிச் சுற்றி ஓரிடத்தில் வந்து நிற்கும்: "லைசென்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வாங்கி வச்சுக்கிட்டா என்ன?"

கேட்பதில் தப்பில்லை. ஆனால் பலரும் ரிவால்வரா பிஸ்டலா, என்ன விலை என்று தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி.

முதலில், நம் நாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அடிப்படை உரிமை அல்ல. அமெரிக்காவில் இருப்பதுபோல அப்படியோர் உரிமை நம் அரசமைப்பில் இல்லை என்பதை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது. சிவகங்கைச் சீமைக்கு ஆயுதத் தடை புதிதும் அல்ல. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று பக்கத்துத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கும்பினி ஆட்சி, அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று மதராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனத்தால் பாளையங்களில் ஆயுதங்களுக்கு முடிவு கட்டியது. 1878இல் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி துப்பாக்கி என்பது அரசு தரும் அனுமதி. தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அரசுக்கு அதிகாரம் உண்டு.

நம் மாவட்டத்தில் அந்த அனுமதியைத் தருபவர் ஆட்சியர். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை அனுப்பும். உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி முடித்த சான்று, வீட்டில் பத்திரமாக வைக்க ஏற்பாடு இருக்கிறது என்ற உறுதிமொழி ஆகியவற்றை 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கேட்கின்றன. "பயமாக இருக்கிறது" என்று எழுதினால் மட்டும் போதாது. தொழிலாலோ சூழ்நிலையாலோ உங்களுக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சட்டத்தின் 14ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. 18ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடும் செய்யலாம். அதிலும் தோற்றால் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. இவ்வளவு வழி இருக்க, "ஆபீசில் ஆள் இருக்கிறார், பணத்தைக் கொடுங்கள்" என்பவரை நம்பிப் போலி உரிமம் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

உரிமமே இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை. 9 எம்எம் பிஸ்டல் போன்ற தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டு வரை. சுட்டீர்களா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. கையில் இருந்ததே குற்றம்.

செட்டிநாட்டு வீடுகளில் இன்னொரு சங்கதி உண்டு. இங்கே பலருக்கு முதல் துப்பாக்கி கடையிலிருந்து வருவதில்லை, பீரோவிலிருந்து வருகிறது. ஐயா வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி, கொண்டு விற்கப் போன நாட்டிலிருந்து வந்த ரிவால்வர் என்று ஏதோ ஒன்று துணியில் சுற்றி உள்ளறையில் கிடக்கும். ஐயா காலமான அன்றே அந்த உரிமமும் முடிந்துவிட்டது என்பது வீட்டாருக்கு உறைப்பதில்லை. சொத்துப் பிரிக்கும்போது வெள்ளிப் பாத்திரத்தோடு சேர்த்து இதையும் ஒருவர் எடுத்துக்கொண்டு போனால், அவர் உரிமமில்லாத துப்பாக்கிக்காரர். சட்டப்படி தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். வாரிசு தன் பெயரில் உரிமம் பெற்று மீட்கலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்றுப் பணமாக்கலாம். ஆனால் அதற்குக் கெடு உண்டு. ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் அரசுக்குப் போய்விடும். உயிரோடு இருக்கும்போதே மாற்றித் தரவும் வழி உண்டு: உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவர் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். இதை ஐயாமார்கள் தள்ளிப்போடுவதுதான் பிள்ளைகளுக்கு வினையாகிறது.

உரிமம் கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பொதுமக்கள் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி .32, .22 போன்ற ரகங்கள்தான். வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுபோனதால், சந்தையில் சுற்றும் பழைய வெளிநாட்டு ரிவால்வருக்கு யானை விலை. மற்றபடி பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்புகள்: கான்பூரின் .32 ரிவால்வர், 2014இல் வந்த டைட்டானிய 'நிர்பீக்', 2023இல் வந்த 'பிரபல்' என்று. டெல்லிப் பேருந்துப் பாலியல் கொடுமைக்குப் பிறகு பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தப்பட்ட நிர்பீக், அரைக் கிலோ எடை. அறிமுக விலையே 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். எந்தப் பெண்ணுக்காகச் செய்தார்களோ!

பாதுகாப்பு என்று பார்த்தால் பிஸ்டலுக்கும் ரிவால்வருக்கும் குணமே வேறு. பிஸ்டலில் மேகஸினை உருவி எடுத்தவுடன் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். குழலின் அடியில், தோட்டா அறையில் ஒரு தோட்டா அப்படியே உட்கார்ந்திருக்கும். மேகஸின் இல்லாமலும் அது சுடும். எனவே மேகஸினை எடுத்த பிறகு, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். இருட்டாக இருந்தால் சுண்டுவிரலால் தடவியும் பார்க்க வேண்டும். ரிவால்வரில் இந்தக் குழப்பம் இல்லை. சுழல் அறையைத் திறந்தால் எத்தனை தோட்டா இருக்கிறது என்று எதிரே தெரிந்துவிடும். ஆனால் பெரும்பாலான ரிவால்வர்களில் கையால் போடும் சேஃப்டி லாக் கிடையாது. விசையை இழுக்கத் தேவைப்படும் கனமான அழுத்தமே அதற்குக் காவல். சுத்தியைப் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால் அந்தக் காவலும் போய்விடும், லேசாகத் தொட்டாலே வெடிக்கும்.

கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். விசையை முழுதாக இழுக்காதவரை சுத்தி தோட்டாவைத் தொட முடியாதபடி நடுவில் ஒரு தடுப்பு, நல்ல கைத்துப்பாக்கியில் இருக்கும். பல பழைய ரிவால்வர்களில் அது இருக்காது, அல்லது தேய்ந்து போயிருக்கும். 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தாவின் காலில் குண்டு பாய்ந்தது வேறு யாரும் சுட்டதால் அல்ல. அலமாரியில் வைக்கப்போன அவருடைய சொந்த ரிவால்வர், உரிமம் உள்ள ரிவால்வர், கைதவறி விழுந்து வெடித்தது. பழையது மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஆயுதம் பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

துப்பாக்கியிலேயே எத்தனை தடுப்பு இருந்தாலும் அது இருக்கும் இடம்தான் பெரிய பாதுகாப்பு. தலையணைக்கு அடியில் வைத்தால் முழுப்பரீட்சை லீவுக்கு வரும் பேரன் கையில் முதலில் சிக்கும். பூட்டிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கி, வேறொரு பூட்டில் தோட்டா, சாவி உரிமதாரரிடம் மட்டும். "அப்படி வைத்தால் திருடன் வரும்போது எப்படி எடுப்பது?" என்பீர்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், பெரும்பாலும் எடுக்க முடியாது என்பதுதான். எடுத்துச் சுட்டாலும் தற்காப்பு உரிமைக்கு எல்லை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது. அந்தத் தேவையை நீதிமன்றத்தில் அப்புறம் அளப்பார்கள்.

குறி தவறிய குண்டு எங்கே போகும் என்பதையும் யோசியுங்கள். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையில், 2021 டிசம்பர் 30 அன்று பயிற்சித் தளத்திலிருந்து தப்பி வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. நான்கு நாளில் அவன் இறந்துபோனான். அங்கே சுட்டவர்கள் பயிற்சி பெற்ற வீரர்கள். அது ரைஃபிள், இது கைத்துப்பாக்கி என்றாலும், கல்யாண வீட்டில் மகிழ்ச்சிக்காக வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும். அதற்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது.

யாரும் வாய்விட்டுப் பேசாத ஆபத்து வேறொன்று. கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு இறப்பது, வைத்திராத ஆண்களைவிட 8 மடங்கு அதிகமாக இருந்தது. பெண்களில் 35 மடங்கு. துணை போன பிறகு பெரிய வீட்டில் தனியே இருப்பவர் ஒருவர் துப்பாக்கி கேட்டால், பிள்ளைகள் விலையை விசாரிப்பதற்கு முன் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மனம் கனத்துக் கிடப்பவர்கள் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

பூட்டிய வீட்டில் விட்டுப்போகும் துப்பாக்கி, திருடனுக்கு நாமே எடுத்துக் கொடுத்தது மாதிரி. நீண்ட நாள் வெளியூர் போனால் காவல் நிலையத்திலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டுப் போங்கள். காவலுக்கு இருக்கும் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவது குற்றம். உரிமம் உங்கள் பெயரில்தானே இருக்கிறது. தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும், அதையும் மீறாதீர்கள்.

என்னைக் கேட்டால், எழுபதைத் தாண்டியவர்கள் தனியே இருக்கும் வீட்டுக்குக் கைத்துப்பாக்கி ஏற்றதல்ல. அந்தப் பணத்தில் நல்ல பூட்டும் கேமராவும் வாங்கி, நகையை வங்கி லாக்கரில் வைத்து, ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவது உருப்படியான காரியம். பீரோவில் பழைய துப்பாக்கி ஏதும் கிடந்தால் அதைத் திறந்து பார்க்கவோ பையில் போட்டுப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகவோ வேண்டாம். திருக்கோஷ்டியூர்க்காரர் என்றால் திருக்கோஷ்டியூர்க் காவல் நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். துப்பாக்கியின் எண்ணும் தேதியும் எழுதிய ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.