நஞ்சு எங்கே இருக்கிறது?

1984இல் ஜப்பானில் வெளிவந்த சித்திரத் திரைப்படம் ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிக்கா’. இயக்கியவர் ஹயாவோ மியாசாகி. பெரும்போர் உலகை அழித்து ஆயிரம் ஆண்டு சென்றபின் நடக்கும் கதை. நச்சுக்காடு பரவுகிறது. அதை எரிக்க அயல்நாட்டார் படையோடு வருகிறார்கள். இளவரசி நௌசிக்காவோ அக்காட்டுச் செடிகளை ஆழ்கிணற்று நீரிலும் நல்ல மண்ணிலும் வளர்த்துப் பார்க்கிறாள். அவற்றில் நஞ்சே இல்லை! மனிதர் கெடுத்த மண்ணைத்தான் காடு தூய்மை செய்கிறது.

நம் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய தாது ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து, ஊர்மக்கள் 1985இல் நீதிமன்றம் சென்றனர். 1994இல் ஆலை மூடப்பட்டது. மண்ணைச் சீர்செய்யும் பணியோ மேலும் பல்லாண்டு நீடித்தது. ஆகவே, ஆற்றோரம் செடி கருகினால், அங்கே கொட்டப்பட்டது என்ன என்று நாம் முதலில் கேட்போம்.