சில நாட் குடிக்கூலி

சித்திரை பிறந்ததும் வேலூர்க் கோட்டையின் கருங்கற்கள் அனல் வீசத் தொடங்குகின்றன. அவ்வெயிலின் கொடுமையைப் பாகாயத்தில் ஓராண்டேனும் பயின்றவர்க்கு எடுத்துரைத்தல் மிகை. அக்காலத்தே வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பத்தார் ஏலகிரியையேனும் உதகையையேனும் நாடிச் சென்று, சில நாளைக்கு ஒரு வீட்டைக் குடிக்கூலிக்குப் பேசித் தங்கிவருதல் உண்டு. அங்ஙனம் வீடு எடுத்தலின் இயல்பையும் முறையையும் சுருங்கக் கூறுவாம்.

மலைமேற் கோடையைக் கழிக்கும் வழக்கம் நம் மாகாணத்தில் வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். கோயமுத்தூர்க் கலெக்டராகிய ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரியில் ஏறி, பின்னர் உதகையில் கல்வீடு ஒன்று கட்டினார். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் நோய்க்கும் வெப்பத்திற்கும் அஞ்சி, 1845-இல் கோடைக்கானலில் இரண்டு வீடுகள் அமைத்தனர். அந்நாளில் மலைவீடு துரைமார்க்கும் செல்வர்க்குமே உரியது. 1899-இல் குன்னூர்க்கும் 1908-இல் உதகைக்கும் புகைவண்டி ஏறிய பின்னர் ஏனையோர்க்கும் வழி எளிதாயிற்று. இன்றோ, 14 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்துள்ள ஏலகிரியை அடைந்து, நடுத்தரக் குடும்பத்தாரும் இரண்டொரு நாள் வீடெடுத்துத் தங்குகின்றனர். விடுதியினும் வீட்டை விரும்புதற்குக் காரணம் யாதெனின், முதியோரும் குழந்தைகளும் ஒருங்கிருக்கலாம். தம் அடுப்பில் தாமே சமைக்கலாம். பலர் பங்கிடின் செலவுங் குறையும்.

நிற்க. இவ்வாறு தங்குவோன் வாடகைக் குடித்தனக்காரன் அல்லன் என்பதைப் பலர் அறியார். குத்தகை என்பது சொத்தை அநுபவிக்கும் உரிமையையே மாற்றித் தருவது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அதனைக் கூறும். சில நாள் தங்கலோ பெரும்பாலும் வெறும் அநுமதியே. அதே ஆண்டில் பிறந்த ஈஸ்மெண்டுச் சட்டம் அதற்கு லைசென்ஸ் எனப் பெயரிடுகின்றது. அவ்வநுமதியை வீட்டுக்காரர் திரும்பப் பெறலாம். ஆயினும் பணம் பெற்றுக்கொண்டு, தங்குவோன்மேற் பிழையின்றியே இடையில் வெளியேற்றினால், அவர் ஈடு தருதல் வேண்டும். பொருள்களை எடுத்துச் செல்லத் தகுந்த அவகாசமும் அளித்தல் வேண்டும்.

ஆனால் உரிமை உண்டென்பது வேறு, அதனை மெய்ப்பித்தல் வேறு. கைபேசியிற் படத்தைக் கண்டு முன்பணம் அனுப்பிவிட்டு, மலையேறிய பின்னர் அவ்வீட்டிற் பிறர் இருக்கக் கண்டு குழந்தைகளுடன் தெருவில் நிற்பார்க்குச் சட்டநூல் அன்றிரவு கூரையாகாது. ஆதலின், முன்பணம் கொடுக்குமுன் சிலவற்றை எழுத்தில் வாங்குக: புகும் நாளும் நேரமும், நீங்கும் நாளும் நேரமும், தங்குவோர் தொகை, முழுக்கூலி, பயணம் நின்றால் திரும்பும் பணம், தண்ணீர், மின்சாரம், சமையற்பாத்திரம். வீட்டின் உரிமையாளரோ தரகரோ பேசுகின்றார் என்பதையும் தெளிக. உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு, சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை ஏற்பட்டமையால், புறப்படுமுன் அதனையும் விசாரித்தறிதல் நலம். வீட்டை அடைந்ததும் உடைந்தவற்றை அப்பொழுதே காட்டிவிடுக; நீங்குங்கால் பழி நேராது. தண்ணீரை அளவோடு செலவிடுக. கோடையில் மலையூரார்க்கும் அதுவே குடிநீர்.

இவையெல்லாம் கூலி கொடுப்போர் பக்கத்து நியாயம். நம்மூரிலோ நாமே கூலி வாங்குவோராகவும் இருக்கின்றோம். வங்காளத்தினின்றும் வடகிழக்கு நாடுகளினின்றும் நோயாளிகளும் அவர்தம் சுற்றத்தாரும் வேலூர் மருத்துவமனைக்கு வந்து, அதனைச் சூழ்ந்த தெருக்களில் அறை எடுத்து, சிறு அடுப்பில் சோறாக்கி, சோதனை முடிவுக்காகக் காத்திருக்கின்றனர். அவர் தங்குவதும் சில நாட் குடிக்கூலியே. ஆனால் அஃது உல்லாசமன்று. நாள் மேலும் நீண்டால் கையிற் பொருள் குறையும்; மொழி அறியாமையாற் பேரம் பேசவும் இயலாது. அயல்நாட்டார் தங்கின் அரசினர்க்கு அறிவித்தல் வீட்டுக்காரரின் கடமை. அதனைப் பலர் ஒழுங்காய்ச் செய்கின்றனர். ஆனால் கூலியை முன்னரே தெளிவாய்ச் சொல்லுதலும், எழுதிக் கொடுத்தலும், தூய நீர் அளித்தலும் அத்துணையே கடமையல்லவோ?

மலைமேல் நாம் எத்தகைய வீட்டுக்காரரை வேண்டுகின்றோமோ, மலையடியில் நாமும் அத்தகையராதல் வேண்டும். அந்நியன் ஒருவன் நம் கூரையின்கீழ்ப் படுத்துறங்கும் சில இரவுகளிலேயே நம் நேர்மை அளக்கப்படுகின்றது.