சாவி யார் கையில்?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, நம்மிடம் பதினோராம் வகுப்பு வாசிக்கும் மாணவன் ஒருவன் தன் தகப்பனாரின் மோட்டாரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் இறங்கினான். வயது பதினாறுதான். மாலையில் தகப்பனாரைக் கண்டு, "இது தகுமா?" என்று கேட்டோம். "பையன் நன்றாக ஓட்டுவான், ஸார். தவிரவும், இன்ஷூரன்ஸ்தான் கட்டியிருக்கிறோமே!" என்று நிம்மதியாகப் பதில் சொன்னார்.

அந்தக் "கட்டியிருக்கிறோமே" என்ற சொல்லில்தான் எத்தனை நம்பிக்கை! ஆனால் பத்திரத்தைப் பிரித்துப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது 'மூன்றாம் நபர்' இன்ஷூரன்ஸ் ஒன்றைத்தான். நமது வண்டியால் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதத்துக்கும், காயத்துக்கும், பொருள் நஷ்டத்துக்கும் ஈடு செய்வது அது. அஃதின்றி வண்டியை ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறைவாசம், அல்லது இரண்டும் உண்டு. மறு தடவை அபராதம் 4,000 ரூபாய். நம் சொந்த வண்டியின் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் செய்வது நம் இஷ்டம்.

2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி, 1,000 ஸி.ஸி.க்கு மேற்படாத சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1,500 ஸி.ஸி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இந்த விகிதம் எஞ்சினின் அளவைப் பார்க்கிறதே ஒழிய, ஓட்டுகிறவரின் குணத்தைப் பார்ப்பதில்லை. முப்பது வருஷம் ஒரு கீறலும் விழாமல் ஓட்டிய பெரியவருக்கும், சிவப்பு விளக்கையே மதியாத வாலிபருக்கும் ஒரே கட்டணம்!

அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே பெரும்பாலும் இளைஞர்களுக்குப் பிரீமியம் அதிகம். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவருக்கோ இன்னும் அதிகம். அத்தகையவருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதென்று கம்பெனியே சர்க்காருக்கு 'எஸ்.ஆர்.22' என்னும் அத்தாட்சி அனுப்ப வேண்டும் என்பது பல ராஜ்யங்களில் விதி. நம் நாட்டிலும் விதிகளை மீறுவோரிடம் தனிப் பிரீமியம் வசூலிக்கலாம் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு ஒன்று 2021 ஜனவரியில் யோசனை கூறியது.

அப்படியானால் இங்கே அஜாக்கிரதைக்கு விலையே இல்லையா? உண்டு. முன்னால் வாங்காததைப் பின்னால் வாங்கிவிடுகிறார்கள். ஒரு வருஷம் கிளெயிம் கேட்காதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவிகிதம் தள்ளுபடி. அது ஏறிக்கொண்டே போய் ஐந்தாவது வருஷம் 50 சதவிகிதம் ஆகிறது. நடுவில் ஒரு கிளெயிம் வாங்கினால், சாதாரணமாக அத்தனையும் போயிற்று! குடித்துவிட்டு ஓட்டி வண்டி நொறுங்கினாலோ, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி நொறுங்கினாலோ, சொந்தச் சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்துவிடும்.

பிறருக்கு நேரும் சேதந்தான் பெரிய விஷயம். ஓர் உயிர் போனால் நஷ்ட ஈடு லட்சக்கணக்கில் ஆகும். லைசென்ஸ் இல்லாதவரிடம் உடைமையாளர் தெரிந்தே வண்டியைக் கொடுத்தது நிரூபணமானால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, உடைமையாளரிடம் அதைத் திரும்ப வசூலிக்க உத்தரவிடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2004இல் தீர்ப்பளித்தது. வீட்டையும் நிலத்தையும் விற்றுக் கொடுக்க நேர்ந்தாலும் நேரலாம்.

இது மட்டுமன்று. 2019 செப்டம்பர் 1 முதல், பதினெட்டு வயது நிரம்பாதவன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவரும் வண்டிக்கு உடையவரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள். 25,000 ரூபாய் அபராதமும், மூன்று வருஷம் வரை சிறைவாசமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்தாகும். பையனுக்கோ இருபத்தைந்து வயது வரை லைசென்ஸே கிடையாது. தமக்குத் தெரியாமல் நடந்ததென்று மெய்ப்பித்தால் பெரியவர்கள் தப்பலாம். ஆனால் சாவியைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தவர் என்ன சொல்லித் தப்புவார்?

இவற்றையெல்லாம் அந்தத் தகப்பனாரிடம் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "இன்னும் இரண்டு வருஷந்தானே, ஸார்?" என்றார்.

மறுநாள் பையன் சைக்கிளில் வந்தான். முகம் சற்று வாடியிருந்தது. வாடட்டும், வாடிய முகம் இரண்டு நாளில் மலர்ந்துவிடும். சாலையில் போகும் ஒரு குழந்தையின் உயிரை எந்தக் கம்பெனியும் திருப்பித் தருவதில்லை.