பனியுகத்துக்கு ஆற்றின் பெயர்: குன்ஸ், மிண்டல், ரிஸ், வுர்ம் வந்தது எப்படி? 4 பனியுகம் கணக்கு ஏன் தப்பானது?

பனியுகம் பற்றிப் படிப்பவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் குழம்புவார்கள். கடைசிப் பனியுகத்தை ஒரு புத்தகம் 'வுர்ம்' என்கிறது. இன்னொன்றில் 'வைக்சல்'. அமெரிக்கப் புத்தகத்தைத் திறந்தால் 'விஸ்கான்சின்', பிரிட்டன் புத்தகத்தில் 'டெவென்சியன்'. எல்லாம் வேறு வேறா? இல்லை. ஏறத்தாழ ஒரே பனியுகம்தான். பனி எங்கே தடம் விட்டதோ, அந்தந்தப் பகுதி ஆய்வாளர்கள் வைத்த பெயர்கள் இவை.

இதில் ரொம்பப் பிரபலமானது ஆல்ப்ஸ் பட்டியல். தெற்கு ஜெர்மனி ஆற்றுப் பள்ளத்தாக்குகளில், பனியாறுகள் உருகி ஓடிய நீர் கொட்டிவிட்டுப் போன கூழாங்கல் படிவுகள் படிக்கட்டு மாதிரி வெவ்வேறு உயரத்தில் கிடக்கின்றன. மேலே இருப்பது பழசு, கீழே இருப்பது புதுசு. ஆல்பிரெக்ட் பென்க், எட்வார்ட் புரூக்னர் இருவரும் நான்கு படிகளைப் பார்த்து, நான்கு பனியுகங்கள் என்று முடிவு செய்தார்கள். 1901 முதல் 1909 வரை வெளியான அவர்களது நூலில் அங்குள்ள ஆறுகளின் பெயர்களையே சூட்டினார்கள்: குன்ஸ், மிண்டல், ரிஸ், வுர்ம்.

முதல் எழுத்துகளைக் கவனியுங்கள். ஜி, எம், ஆர், டபிள்யூ. ஆங்கில அகரவரிசைதான் கால வரிசையும்! பின்னாளில் அதைவிடப் பழைய கட்டங்கள் தெரியவந்தபோதும் 'டோனாவ்', 'பீபர்' என டி, பி-யில் தொடங்கும் பெயர்களே வைக்கப்பட்டன.

பிரச்சனை பெயரில் இல்லை, எண்ணிக்கையில். அமெரிக்காவிலும் நெப்ராஸ்கன், கான்சன், இல்லினாயன், விஸ்கான்சின் என நான்குதான் சொன்னார்கள். ஆனால், புதிதாக வரும் பனியாறு பழைய தடத்தைச் சுரண்டிக்கொண்டு போய்விடும். நிலத்தில் மிஞ்சியதை மட்டும் எண்ணினால் கணக்கு குறையத்தானே செய்யும்?

கடலடியில் அப்படி அழிவதில்லை. அங்கே நுண்ணுயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிகின்றன. லேசான ஆக்சிஜன் கொண்ட நீர் எளிதில் ஆவியாகி, பனியாக நிலத்தில் சிக்கிக்கொள்ளும். கனமான ஆக்சிஜன் கடலில் கூடும். அந்த விகிதம் ஓடுகளில் பதிவாகும். 1955-ல் செசாரே எமிலியானி இதை வைத்துக் கட்டங்களுக்கு எண் கொடுத்தார். ஒற்றைப்படை என்றால் வெப்பம், இரட்டைப்படை என்றால் குளிர். இன்று 26 லட்சம் ஆண்டுகளுக்குள் 100-க்கும் மேற்பட்ட கட்டங்கள் எண்ணப்பட்டுள்ளன.

நெப்ராஸ்கன், கான்சன் பெயர்கள் கைவிடப்பட்டு, இப்போது 'இல்லினாயனுக்கு முந்தையது' என்று மட்டுமே சொல்கிறார்கள். வுர்ம், விஸ்கான்சின் பெயர்கள் நீடிக்கின்றன. நாம் வாழ்வது 1-ம் எண் கட்டத்தில்.